பதினாலு இஞ்ச்

கோர்லிஸில் இருபத்தெட்டு வருஷம் தபால் போட்டவன் நான். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில் வெள்ளைக்காரர் வீடுகள், இந்தப் பக்கம் ஒஹாயோ ஆறு வரைக்கும் கறுப்பர்களான எங்கள் வீடுகள். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் ஆள் கடிப்பான் என்பது எனக்கு அத்துப்படி. நாய்கள் மேல் எனக்கு இன்றுவரை எந்த வருத்தமும் இல்லை.

தண்டவாளத்தை ஒட்டி, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடத்தில், கம்பிவேலிக்குள் கிடந்தது அந்த நீச்சல் குளம். இடம்தான் பொது. பஞ்ச காலத்தில் அரசாங்கக் கூலிக்கு அதைத் தோண்டியது எங்கள் ஆட்கள். ஆர்டெல்லா கெய்தரின் அப்பாவும் அதில் ஒருவர். திறப்பு விழா அன்று தோண்டியவர்கள் எல்லாரும் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரொம்ப வருஷம் கழித்து நகராட்சி பெரிய மனசு பண்ணி, கோடையில் திங்கட்கிழமை காலை எட்டிலிருந்து பத்து மணி வரை எங்களை உள்ளே விட்டது. திங்கள் ஏன் என்றால், வாராவாரம் திங்கள் மத்தியானம்தான் பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுசு விடுவார்கள். மேட்டுப் பிள்ளைகள் ஒரு வாரம் குளித்த தண்ணீரில் எங்களுக்கு இரண்டு மணி நேரம். அதற்குக் கூலியாக, பத்து மணி அடித்ததும் எங்கள் பிள்ளைகள் முட்டி போட்டு, குளத்தைச் சுற்றியிருக்கும் ஓரக் கால்வாயை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டுப் போகவேண்டும். கடைசியாகத் தேய்த்த கோடையில் எனக்கு ஆறு வயது. ஆர்டெல்லாவுக்குப் பதினைந்து. தீட்டு போக எவ்வளவு தேய்க்கவேண்டும் என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

1963 ஏப்ரலில் எல்லா நாளும் எல்லாருக்கும் திறந்துவிடு என்று கோர்ட் சொன்னது. இரண்டே நாளில் நகராட்சி குளத்தை இறைத்துக் காயப்போட்டு, பூட்டு மாட்டியது. அந்த வாரக் கடைசி ஞாயிறு காலை, ஊரே சர்ச்சில் இருக்கும்போது, வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் குளத்துக்குக் குறுக்கே கை நுழையும் அளவுக்கு விரிசல். அன்று சர்ச்சுக்கு வராமல், ரயில்வே வேலை முடிந்து தோளில் சுத்தியலோடு தண்டவாளத்தில் நடந்து வந்த ஒரே ஆள் லூசியஸ் கெய்தர். ஆர்டெல்லாவின் அண்ணன், பத்தொன்பது வயசு. அவன்தான் உடைத்தான் என்று இரண்டு வருஷம் உள்ளே தள்ளினார்கள். வெளியே வந்தவன் நேராக டெட்ராய்ட் போனான். பெற்ற அம்மா சாவுக்கும் வரவில்லை. அங்கேயே கல்யாணம் பண்ணி, அங்கேயே செத்தான்.

குளத்துக்குள் செடி முளைத்து மரமானது. எங்கள் பிள்ளைகள் ஆற்றில் குளித்தார்கள்.

ஆர்டெல்லாவுக்கு இப்போது எழுபத்தேழு. கோழி ஆலையில் முப்பது வருஷம் கோழி வெட்டிய கை. விரல்கள் மடங்கினபடியே இருக்கும். அவள் வீடு என் வீட்டுக்கு எதிர்வீடு. மகள் ரெனிட்டா அவளோடுதான் இருக்கிறாள், ஐம்பது வயசு, ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள். அம்மாவும் மகளும் ஒரே வீட்டில் இரண்டு டி.வி. வைத்திருப்பவர்கள். ஒருத்தி உப்பு போட்டால் மற்றவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் போடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ரெனிட்டாவின் பஸ்ஸில் வரும் கியாரா என்ற ஒன்பது வயசுப் பெண் ஜூன் மாசம் ஆற்றுத் திட்டில் கால் வழுக்கி உள்ளே போய்விட்டாள். கரையில் அவள் அம்மா மொனீக், சித்திகள், நான்கு பெரிய ஆட்கள். ஒருத்தருக்கும் நீந்தத் தெரியாது. எனக்கும் தெரியாது, நானும் கரையில்தான் நின்றேன். மூன்றாம் நாள் எட்டு மைல் தள்ளிக் கிடைத்தாள்.

அதன்பிறகு ரெனிட்டாவுக்கு வேறு நினைப்பே இல்லை. அந்தக் குளத்தைத் திறந்தே தீருவது என்று கிளம்பிவிட்டாள். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாள். சனிக்கிழமைதோறும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் குளத்துக்குள் வளர்ந்த மரத்தை வெட்டினாள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், பழகினவர்களுக்கு ஒரு பக்கம், ஆற்றுப்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் காசு வாங்காமல் நீச்சல் சொல்லித்தருவது என்று ஒரு பெரிய தாளில் படம் போட்டு சமையலறைச் சுவரில் ஒட்டினாள். பழைய குளத்தைப் பழுதுபார்க்க மாநில அரசு உதவி செய்யும். புதிதாகக் கட்ட செய்யாது. ஆக, அவளுக்கு வேண்டியது அந்தப் பழைய கான்கிரீட் தொட்டி. விரிசலை அடைத்தால் அடுத்த ஜூனில் திறந்துவிடலாம். முதல் வகுப்பில் முதல் ஆளாகத் தன் மகன் டேரியஸை இறக்கிவிடுவேன் என்று மொனீக் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆர்டெல்லா அந்தப் படத்தின் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். மண்ணைப் போட்டு மூடுங்கள் என்பதுதான் அவள் பேச்சு. மேயர் கார்ல் பிக்ஸ்பியும் அதையேதான் சொன்னார். அவருக்கு அந்த இடத்தை ஒரு மலிவுவிலைக் கடைக்கு விற்கவேண்டும். மேயரும் நீயும் ஒரே கட்சியாகிவிட்டீர்களா என்று ரெனிட்டா ஒருநாள் கேட்டாள். ஆர்டெல்லா அன்று முழுக்க அவளுக்குச் சோறு எடுத்து வைக்கவில்லை.

ஆனாலும் ஏப்ரல் முதல் சனிக்கிழமை, என்ன நினைத்தாளோ, ஒரு பெரிய சட்டி பின்டோ பீன்ஸ், சோள ரொட்டி, பொரித்த கெளுத்தி, ஒரு கேன் இனிப்பு டீ எல்லாம் கட்டிக்கொண்டு என் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"பட்டினி கிடந்து மரம் வெட்டி எவனாவது விழுந்தான்னா அந்தப் பழியும் எங்க வீட்டு மேலதான் வரும். வண்டிய எடு, ரூஃபஸ்" என்றாள்.

அறுபத்தோரு வருஷத்துக்கு அப்புறம் அன்றுதான் அவள் அந்த வேலிக்குள் கால் வைத்தாள். விடாமல் ஒரு வாரமாக மழை. ஆறு கரை தொட்டு, பழுப்பாக, அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது. வேலை செய்தவர்கள் நின்றபடியே சாப்பிட்டார்கள். அவள் ஆழப்பக்கம் போய் நின்றாள். கேனில் அடிமண்டியாக மிச்சமிருந்த டீயை, சிங்க்கில் கொட்டுகிற மாதிரி, ஓரக் கால்வாயில் கொட்டினாள்.

கொட்டிவிட்டு அப்படியே நின்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, தண்ணி கொண்டுவா என்றாள். ஒரு பாட்டில் கொடுத்தேன். அதையும் கொட்டினாள். தண்ணீர் அவள் காலடியிலிருந்து கிளம்பி, கால்வாயில் இலைதழையைத் தள்ளிக்கொண்டு, ஆழமில்லாத பக்கம் பார்த்துப் போயிற்று.

"ரூஃபஸ், நாம தேய்க்கும்போது தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

எனக்கு ஞாபகமில்லை என்றேன்.

"எனக்கு இருக்கு. அந்த ஆழமில்லாத மூலைலருந்து தேய்ச்சுக்கிட்டே இங்க வருவோம். அழுக்கெல்லாம் நமக்கு முன்னால ஓடி வந்து இங்கதான் விழும். அந்த வெண்டெல் ஸ்ட்ரௌட் இங்க நின்னு ஹோஸ் பைப்ப நம்ம மூஞ்சில அடிப்பான். அஞ்சு கோடை தேய்ச்சிருக்கேன். இது எப்படி அந்தப் பக்கம் போகுது?"

கான்கிரீட் வேலை பார்க்கும் டெல்பர்ட் பக்கத்தில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவள் கேட்டது அவன் காதில் விழுந்தது. சட்டென்று ரெனிட்டாவைப் பார்த்தான். ரெனிட்டா தரையைப் பார்த்தாள். ஆர்டெல்லா அந்த இரண்டு பார்வையையும் பிடித்துவிட்டாள்.

பாவம், டெல்பர்ட்டுக்குப் பொய் சொல்ல வராது. குளத்தை ஏன் குளிர்காலம் முழுக்க நிரப்பியே வைப்பார்கள் என்று அவன் சொன்னான். ஆறு ஏறினால் பூமிக்குள் தண்ணீரும் ஏறும். அப்போது தொட்டி காலியாக இருந்தால், தரைக்குள் கிடக்கும் அந்தத் தண்ணீர் தொட்டியையே படகு மாதிரி மேலே தூக்கிவிடும். தூக்கினால் பிளக்கும். கோடையில் ஆறு கீழே கிடக்கும், அப்போது வாராவாரம் இறைத்தாலும் ஒன்றும் ஆகாது. அவசரத்துக்கு ஆழப்பக்கத் தரையில் ஒரு பித்தளை மூடி உண்டு. அதைத் திறந்தால் பூமித் தண்ணீர் உள்ளே வந்து, தொட்டி அசையாமல் நிற்கும்.

"அப்ப இது தூக்கிருக்கா?"

"ஆழப்பக்கம் முழுக்க தூக்கிருக்கு, மிஸ் ஆர்டெல்லா. அதான் கால்வாயோட சரிவு மாறிப்போச்சு. அடியில வெறும் பொந்து. விரிசல அடைச்சு புண்ணியமில்ல, மறுபடி பிளக்கும்."

"சுத்தியலால இப்படித் தூக்க முடியுமா?"

"நூறு சுத்தியல் வச்சு அடிச்சாலும் கீழதான் போகும். மேல வராது."

அவள் கேனை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டு காருக்கு நடந்தாள். சட்டியை அங்கேயே விட்டுவிட்டாள். ஆர்டெல்லா சட்டியை விட்டுவிட்டு வந்து நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நடந்ததை நான் சமையலறை வாசலில் நின்று கேட்டேன். சட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனவன், உள்ளே போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் மாட்டிக்கொண்டேன். ஆர்டெல்லா மேசையில் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தாள். மாநில உதவிக்கான விண்ணப்பம். அதில் குளத்தின் வரலாறு என்று ஒரு பக்கம் உண்டு. சேதம் எப்படி ஏற்பட்டது என்ற இடத்தில், 1963 ஏப்ரல் 28 அன்று லூசியஸ் கெய்தர் என்பவர் சுத்தியலால் அடித்ததில் விரிசல் விட்டது என்று எழுதியிருந்தது. கையெழுத்து ரெனிட்டாவுடையது. அழகான கையெழுத்து அவளுக்கு.

"எத்தன நாளா தெரியும் உனக்கு?"

"மூணு வாரம்."

"மூணு வாரமா என் கையால தின்னுட்டு இத எழுதிருக்க."

"கோர்ட்ல என்ன இருக்கோ அததான் எழுதினேன். நானா சொல்லல."

"கோர்ட்ல வெள்ளக்காரன் சொன்னான். இப்ப கெய்தர் வீட்டுப் பொண்ணே எழுதிக் குடுத்துட்டா. இனிமே அவன எவன் நம்புவான்?"

"அம்மா, மாமா செத்துட்டாரு. உசிரோட இருக்கிற நாப்பது பிள்ளைங்கள தினம் நான் பஸ்ல ஏத்தி இறக்குறேன். நாப்பதுக்கும் நீச்சல் தெரியாது. தொட்டி தூக்கிருக்குன்னு டெல்பர்ட் எழுதினா ஒரு பைசா வராது, பிக்ஸ்பி கடையக் கட்டிட்டுப் போயிடுவான். சுத்தியல்னு எழுதினா அடுத்த வருஷம் தண்ணி இருக்கும். செத்தவருக்குப் பேரு வேணுமா, இதுங்களுக்கு உசிரு வேணுமா?"

"மறுபடி பிளக்கும்ங்கிறானே அவன்."

"பத்து வருஷம் தாங்கும்னு வேற ஒருத்தன் சொல்றான். பத்து வருஷம் போதும் எனக்கு. ஒரு தலைமுறை நீந்தக் கத்துக்கும்."

"உங்கம்மா ஜெயில் வாசல்ல போய் நின்னிருந்தா நீ இப்படிப் பேச மாட்ட" என்று ஆர்டெல்லா சொன்னாள். "எங்கம்மா நின்னா. ரெண்டு வருஷம், ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகாம அங்க போய் நின்னா. அப்ப இந்த ஊரு எங்களப் பாத்த பார்வை உனக்குத் தெரியாது. நம்ம சனமே சொன்னுச்சு, திங்கட்கிழமையாவது இருந்துச்சு, உன் பிள்ள அதையும் கெடுத்துட்டான்னு. ரூஃபஸ் வீட்டுலயும் சொன்னாங்க. கேளு, வாசல்ல நிக்கிறான்."

உண்மைதான். என் அம்மா சொல்லியிருக்கிறாள். சட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஆர்டெல்லா என்னை வெண்டெல் ஸ்ட்ரௌட் வீட்டுக்கு வண்டி ஓட்டச் சொன்னாள். வெண்டெல் அந்தக் காலத்தில் நகராட்சித் தண்ணீர்த் துறை ஆள். குளம் அவர் பொறுப்பு. எண்பத்தாறு வயசு, மேட்டில் தனியாக இருக்கிறார். இருபத்தெட்டு வருஷம் அந்த வீட்டுக்குத் தபால் போட்டேன், ஒரு நாளும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தவரில்லை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வலைக்கதவுக்கு உள்ளே நின்றார், திறக்கவில்லை. நாங்கள் படியில் நனைந்துகொண்டு நின்றோம்.

"பித்தள மூடியத் திறந்தீங்களா, மிஸ்டர் ஸ்ட்ரௌட்?"

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. ஆற்றுப்பக்கம் பார்த்தார்.

"திறந்தேன்" என்றார். "முழங்கால் அளவுக்குத் தண்ணி வந்து நின்னுச்சு. அன்னிக்கி மேயரா இருந்தவன் வந்து பாத்தான். பத்திரிகைலருந்து படம் எடுக்க வர்றாங்க, எலும்பாட்டம் காஞ்சு கிடக்கணும்னான். ஆறு ஏறி நிக்குது, இது கோடை இல்லன்னு சொன்னேன். வாராவாரம் அந்தச் சனம் குளிச்ச பின்னாடி இறைக்கத்தான செய்யிற, அப்பல்லாம் உடையாதது இப்பதான் உடையப் போகுதான்னு சிரிச்சான். மூடினேன். பம்பு வச்சேன்."

"கோர்ட்ல இதச் சொல்லலியே."

"கான்கிரீட்டு சுத்தியலுக்கு உடையுமான்னு கேட்டாங்க. உடையும்னேன். அதுல பொய் என்ன இருக்கு?"

ஆர்டெல்லாவின் கை கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. வியாழக்கிழமை நகராட்சி உறுப்பினர்கள் எல்லாரும் குளத்தடிக்கு வந்து பார்த்து ஓட்டு போடப்போகிறார்கள், அங்கே வந்து இதைச் சொல்லவேண்டும் என்றாள்.

"பிக்ஸ்பி என்ன ஏற்கெனவே கூப்பிட்டிருக்கான். குளம் எப்படி நாசமாச்சுன்னு பழைய ஆள் சொல்லணுமாம், மறுபடி திறந்தா மறுபடி நாசம் பண்ணுவாங்கன்னு காட்டணுமாம். வருவேன். உக்காருவேன். வாயத் திறக்க மாட்டேன்." அவர் முகம் வலைக்கு அந்தப் பக்கம் சரியாகத் தெரியவில்லை, குரலில் ஒரு குரூரமான சௌகரியம் இருந்தது. "நீயே சொல்லு ஆர்டெல்லா. சொன்னா உன் மக குளம் போச்சு. சொல்லலன்னா உன் அண்ணன் போனான். ரெண்டுல ஒண்ணத் தூக்கிட்டுத் திரி. நானும் தூக்கிட்டுத்தான் திரியிறேன்."

"உங்க பிள்ளைங்க எங்க நீந்தக் கத்துக்கிட்டாங்க?"

"கிளப்புல."

"எங்க பிள்ளைங்க ஆத்துலதான் இறங்குச்சு. சிலது திரும்பி வரல." அவ்வளவுதான் சொன்னாள். காரில் ஏறியபிறகு, இவன் கையைப் பார்த்தியா, இன்னும் ஹோஸ் பைப்பைப் பிடிச்ச மாதிரியே வச்சிருக்கான் என்றாள். எனக்கு அவள் விரல்கள்தான் கண்ணில் பட்டன.

அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. மூன்று நாள் அந்த வீட்டில் இரண்டு டி.வி. சத்தம் மட்டும்தான்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு மழை விட்டிருந்தது. மேயர், நான்கு உறுப்பினர்கள், எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு நாற்பது பேர், மேட்டுப்பக்கம் கொஞ்சப் பேர். மேட்டுக்காரர்கள் வேலியை ஒட்டி நின்றார்கள், சேறு படாத இடமாகப் பார்த்து. வெண்டெல் ஒரு மடக்கு நாற்காலியில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மொனீக் டேரியஸின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே நின்றாள். பையன் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டே வந்திருந்தான். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆர்டெல்லா இரண்டு தெரு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தாள். நான் வாங்கப்போனேன், விடவில்லை. பாதி பாவாடையில் சிந்தியிருந்தது. ஆழப்பக்கம் போய் வாளியோடு நின்றாள். கீழே வைக்கவில்லை, கொட்டவுமில்லை. மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரெனிட்டா நன்றாகப் பேசினாள். கியாராவைப் பற்றிச் சொன்னபோது மேட்டுக்காரப் பெண்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். பிக்ஸ்பிக்கு இது பிடிக்கவில்லை. எல்லாம் சரி, குளம் எப்படி உடைந்தது என்று விண்ணப்பத்தில் இருப்பதை வாசித்துவிடு, பதிவாகட்டும் என்றார். உன் மாமா பேரை உன் வாயாலேயே சொல்லு என்பதுதான் அதற்கு அர்த்தம். எல்லாருக்கும் புரிந்தது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூணு ஏப்ரல் இருபத்தெட்டு அன்னிக்கி" என்று ரெனிட்டா ஆரம்பித்தாள். நிறுத்தினாள். மறுபடியும் அதையே வாசித்தாள். தேதிக்கு அப்பால் அவளால் போகமுடியவில்லை. மொனீக்கைப் பார்த்தாள், பையனின் கண்ணாடியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஆர்டெல்லா வாளியைக் கை மாற்றிப் பிடித்தாள். ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரெனிட்டா மீதியை வாசித்திருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன். அம்மா சொல்லி அவள் எதையும் செய்ததில்லை.

ரெனிட்டா தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். போய் அம்மா கையிலிருந்து வாளியை வாங்கினாள். கால்வாயில் சாய்த்தாள்.

தண்ணீர் பின்னோக்கி ஓடியது. நாற்பது பேரும் அதோடு தலையைத் திருப்பினார்கள். பிக்ஸ்பியின் ஷூவைத் தாண்டி, ஆழமில்லாத மூலை வரை போய், அங்கே குட்டையாகத் தேங்கியது. ஆறு ஏறி நிற்கும்போது குளத்தை இறைத்ததால் தொட்டி எழும்பிவிட்டது, உடைத்தது நகராட்சி, லூசியஸ் கெய்தர் இல்லை என்று ரெனிட்டா சொன்னாள். டெல்பர்ட் ஆமாம் என்றான்.

பிக்ஸ்பி முதலில் முகம் சிவந்தார். அப்புறம் ஏதோ கணக்குப் போட்டார்.

"எழும்பிருந்தா பழுதுபாக்க முடியாதே?"

"முடியாது" என்றாள் ரெனிட்டா.

"ஒரு வாளித் தண்ணிய வச்சு கோர்ட்டுத் தீர்ப்ப மாத்த முடியாது. வெண்டெல், நீங்க சொல்லுங்க, என்ன நடந்துச்சு?"

வெண்டெல் தேங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்டெல்லா அவர் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். பதினைந்து வயசில் அவள் முட்டி போட்டுத் தேய்த்தபோது அவர் நின்ற அதே மூலை.

"சொல்லு, வெண்டெல்" என்றாள்.

அவளோ, எங்கள் பக்கத்தில் வேறு யாருமோ, அவர் முகத்துக்கு நேரே அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பதினாலு இஞ்ச்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. இன்னொரு தரம் சொன்னார்.

"பதினாலு இஞ்ச் தூக்கிருந்துச்சு. அன்னிக்கி மத்தியானமே மட்டம் வச்சு அளந்தேன். அந்தப் பயலப் பிடிக்கிறதுக்கு முன்னாடியே."

ஆர்டெல்லாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை அது. வலித்தால் வருகிற சத்தம். பிடிப்பதற்கு முன்னாலேயே அளந்திருக்கிறான். அறுபத்தோரு வருஷம் அந்த அளவை மனசில் வைத்துக்கொண்டு எங்கள் கண் முன்னால் நடந்திருக்கிறான். அந்த ஆளை அடிக்கவேண்டும் போலிருந்தது எனக்கு. கிழவன் என்பதால் விட்டேன் என்று சொல்லமாட்டேன், கை வரவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டெடுப்பு அங்கேயே நடந்தது. குளத்தை மூட ஐந்து பேரும் கை தூக்கினார்கள். வெண்டெல் சொன்னதைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று ஆர்டெல்லா நின்றாள். எழுதி, கையெழுத்து வாங்கி, அதற்கு ஒரு நகல் கையில் கொடுக்கும் வரை நகரவில்லை. கிளம்பும்போது பிக்ஸ்பி ரெனிட்டாவிடம், உன் குளத்த நீயே கொன்னுட்டியேம்மா என்று நயமாகச் சொன்னார்.

"அது செத்து அறுபது வருஷமாச்சு" என்றாள் ஆர்டெல்லா. "கொன்னது யாருன்னு இன்னிக்கிதான் எழுதிருக்கீங்க."

சொல்லிவிட்டாள், சரி. ஆனால் மொனீக் இன்னும் அங்கேயே நின்றாள். கூட்டம் கலைந்தபிறகு ரெனிட்டாவிடம் வந்தாள்.

"என் பிள்ளைக்குன்னு சொல்லித்தான் என்கிட்ட கையெழுத்து வாங்கின. கியாரா படத்தக் குடுன்னு கேட்ட, குடுத்தேன். வீடு வீடா காட்டின. இன்னிக்கி உங்க மாமாவுக்குக் குடுத்துட்ட."

ரெனிட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மொனீக் நிற்கவில்லை. பையன் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றாமலே போனான்.

நகலை ஆர்டெல்லா ஒரு உறையில் போட்டு, டெட்ராய்ட்டில் இருக்கும் லூசியஸின் மகனுக்கு அனுப்பினாள். நான் ரிட்டயர் ஆகி நாளாயிற்று என்றாலும், என்னிடம்தான் கொடுத்தாள். தபாலாபீஸில் நானே நின்று முத்திரை குத்துவதைப் பார்த்துவிட்டு வந்தேன். மே மாசம் மண் லாரிகள் வந்தன. இரண்டு நாளில் மூடிவிட்டார்கள். சுவரில் இருந்த படத்தை ரெனிட்டா கிழிக்கவில்லை. ஆர்டெல்லாதான் ஒருநாள் எடுத்து, மடித்து, பைபிளுக்குள் வைத்தாள். அதற்கு ஒரு சண்டை நடந்தது. பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று எனக்கு அதிலிருந்துதான் தெரிந்தது.

ஜூனில் ரெனிட்டா எங்கள் சர்ச்சின் பழைய பஸ்ஸைக் கேட்டு வாங்கினாள். நாற்பது மைல் தள்ளிப் பக்கத்து மாவட்டத்தில் ஒரு குளம் இருக்கிறது, சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். முதல் சனிக்கிழமை எட்டே பேர் வந்தார்கள். பஸ் கிளம்பும் நேரத்தில் மொனீக் டேரியஸை இழுத்துக்கொண்டு வேகமாக வந்தாள். படியேறினாள். ரெனிட்டா காலை வணக்கம் சொன்னாள். மொனீக் அவளைப் பார்க்காமல், காலியாகக் கிடந்த பதினைந்து சீட்டையும் தாண்டிக் கடைசியில் போய் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு வாரம் அப்படித்தான் வந்தாள். டேரியஸ் ஆகஸ்டில் குளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நீந்தினான். ரெனிட்டாவிடம் மொனீக் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.